வீட்டில் இல்லாத பழம்

"யாரு பழம் வாங்கியாந்தது?"

ஜெபமாலையம்மாள் நிலைப்படியிலேயே நின்று கேட்டாள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை, தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கவில்லை. உள்ளே வெறும் சிமென்ட் தரையில் மகள் பிரின்சி படுத்திருந்தாள். கல்லூரியில் மதியமே தலை சுற்றிக்கொண்டு வந்ததால் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். அவள் தலைமாட்டில் பெரிய தண்ணீர் பாட்டில் காலியாக உருண்டு கிடந்தது.

"யாரும் வாங்கலையேம்மா."

"பழுத்த வாடை அடிக்குது."

அம்மா தேட ஆரம்பித்தாள். அரிசி மூட்டையை நகர்த்தினாள். பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் துழாவினாள். மாதா படம் வைத்திருந்த பலகையின் மேல், அழுக்குத்துணிக் கூடைக்குள், அடுப்பு மேடைக்குக் கீழே. வீட்டுக்குள் புகுந்துவிட்ட பாம்பைத் தேடுகிறவளைப் போல, ஒவ்வொன்றையும் சட்டென்று தூக்கிப் பின்வாங்கிக்கொண்டு தேடினாள். அந்த வீட்டுக்குள் பழம் வருவதில்லை. விருந்தாட்கள் வாழைப்பழமோ கொய்யாவோ வாங்கி வந்தால் அம்மா வாசலிலேயே வாங்கி, சுவருக்கு மேலே கையை நீட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள். ஏதோ மாதாவுக்கு நேர்ச்சை, பழத்தை விட்டுவிடுகிற ஒறுத்தல் என்று பிரின்சி சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்டதில்லை.

தேடி முடித்து அம்மா அவள் பக்கம் வந்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்தாள். நெற்றியில் முத்தமிடப் போகிறாள் என்று பிரின்சி நினைத்தாள். அம்மாவின் மூக்கு விடைத்தது. மறுகணம், எழுந்திருக்காமலேயே, கைகளைத் தரையில் ஊன்றிப் பின்னால் நகர்ந்துகொண்டே போனாள், முதுகு சுவரில் முட்டும்வரை.

"என்னம்மா?"

அம்மா வெளியே போய் அடிபம்பு மேடையில் உட்கார்ந்துகொண்டாள். பிரின்சி உள்ளங்கையைக் குவித்து அதற்குள் ஊதி மோந்து பார்த்தாள். எந்த வாடையும் இல்லை. மறுபடியும் ஊதினாள். ஒன்றுமில்லை. ஆனால் அம்மா, பொழுது சாயும்வரை, அப்பா வரும்வரை, வீட்டுக்குள் வரவே இல்லை. காய்ச்சல் வந்தாலே மடியைவிட்டு இறக்காத அம்மா தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பது பிரின்சிக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் நாக்கு இன்னும் வறண்டது.

*

அண்ணன் ஜெரால்டு செத்தபோது பிரின்சி மூன்றாம் வகுப்பு. அவனுக்கு ஐடிஐ முதல் வருடம். அவளுக்கு நினைவில் இருப்பவை கொஞ்சம்தான். அவன் குடத்தைத் தூக்கி அப்படியே வாயில் சரித்துக்கொள்வது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் சணல் கயிறு கட்டியிருந்தது. கடைசியில், படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு, நீளநீளமாக மூச்சு வாங்கியது. வெகுதூரம் ஓடிவந்தவன் வாங்குவது போன்ற மூச்சு. பார்க்க வந்த ஒருவர், "படுத்துக்கிட்டே ஓடுறானப்பா இவன்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

தைலமரக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கண்மாயில், கிரிக்கெட் ஆடிவிட்டு உச்சிப்பொழுதில் அள்ளிக் குடித்தானாம். அதில் எப்போதோ விழுந்து செத்த பெண் ஒருத்தி உண்டு என்று ஊரில் பேச்சு. அவளுடைய தாகம்தான் இவனைப் பிடித்துக்கொண்டது என்றார்கள். கோவில் பாதிரியாருக்குத் தெரியாமல் விராலிமலைப் பக்கமிருந்து ஆண்டிச்சாமி என்பவரை அப்பா கூட்டிவந்தார். அவர் வேப்பிலையால் அடித்தார், கயிறு கட்டினார். போகும்போது, "தண்ணி அவன் குடிக்கல, அதுதான் குடிக்குது. பட்டினி போட்டாத்தான் எறங்கும். ஒரு சொட்டு குடுக்காதீங்க" என்றார். அம்மா பானையின் முன்னால் உட்கார்ந்து காவல் காத்தாள். வீடு முழுக்க அந்த நாட்களில் ஏதோ ஒரு வாடை இருந்தது. பலாப்பழம் வைத்திருக்கிறீர்களா என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

இதெல்லாம் அன்றுவரை பிரின்சிக்கு ஒன்றோடொன்று சேராமல் கிடந்தது.

*

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனதே வீட்டில் இருக்கப் பயந்துதான். பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் இலக்கியா வல்லத்திராக்கோட்டைக்காரி. அவள் அப்பாவுக்குச் சர்க்கரை. அவர் வைத்திருக்கும் சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கு பேட்டரி மாற்ற வேண்டுமென்று டவுனுக்குக் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் புது பேட்டரியைப் போட்டுவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் விரலைக் குத்திக்கொண்டாள். எண் வந்தது. சரியாகத்தான் இருந்தது.

"நீயும் கையக் காட்டுடி. எப்பப் பாத்தாலும் தண்ணியும் பாத்ரூமுமா திரியிற."

ஊசி முனையில் துளி இரத்தம் வந்தது. மெஷின் அதை உறிஞ்சிக்கொண்டது. எண் வரவில்லை. ஆங்கிலத்தில் எச், ஐ என்று இரண்டு எழுத்துகள் மட்டும் நின்றன.

"ஹாய் சொல்லுது ஒனக்கு" என்றாள் இலக்கியா. இருவரும் சிரித்தார்கள். மெஷினில் வேறு ஸ்ட்ரிப் பட்டையைச் செருகி, வேறு விரலில் குத்தினார்கள். மறுபடியும் அதே இரண்டெழுத்து. யாரோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தன்னைக் கண்டுகொண்டு கூப்பிடுவது போல பிரின்சிக்கு இருந்தது. இலக்கியா வராண்டாவுக்குப் போய் அப்பாவுக்கு போன் செய்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"ஹாய் இல்லையாம்டி. அந்த மெஷினு காட்ட முடியாத அளவுக்கு ஏறிப் போச்சாம். எங்கப்பாவுக்கே அப்புடி வந்ததில்ல. இப்பயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாரு. வா, நானும் வாரேன்."

"வீட்ல சொல்லிட்டுப் போறேன்."

"பிரின்சி, இப்பயேன்னு சொன்னாரு."

"அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள் பிரின்சி. அம்மா ஒரு வார்த்தை, 'வெறும் சுகர்தானா' என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் தேடினாள். ஒரு டாக்டரின் வீடியோவுக்குக் கீழே தன் வயதுப் பிள்ளைகள் எழுதிய கேள்விகள் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. நான் இனிப்பே சாப்பிட மாட்டேன், எனக்கு ஏன் சார் வந்துச்சு. ஊசி ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் போடணுமா. ஹாஸ்டல்ல தெரிஞ்சா ஒதுக்குவாங்களா. எனக்குக் கல்யாணம் பேசுறாங்க, சொல்லலாமா கூடாதா. குழந்தைக்கும் வருமா. ஒவ்வொன்றையும் தானே எழுதிவிட்டு மறந்தது போலிருந்தது. கீழே ஒன்று: 'ரெண்டு மாசமா தாகம். ரொம்ப மெலிஞ்சுட்டேன். நேத்துலேருந்து மூச்சு வாங்குது. எங்க வீட்ல பேய்ங்கிறாங்க. இது என்னது சார்?'

மூன்று வருடத்துக்கு முந்தையது. பதில் இல்லை. எழுதியவரின் பெயரை அழுத்திப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வானத்தின் படம். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கேயும் எதுவும் எழுதியிருக்கவில்லை. பிரின்சி போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே தைலமரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பித் திரும்பிப் போயின. வரிசைகளுக்கு நடுவே யாரோ பஸ்ஸோடு சேர்ந்து ஓடிவருவது போலத் தோன்றிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் அந்த ஓட்டம் நெஞ்சுக்குள் கேட்டது.

வீட்டில் அம்மா மந்திரித்த எண்ணெயோடு காத்திருந்தாள்.

"அம்மா, எனக்கு சுகர் இருக்கும் போல. இலக்கியா மெஷின்ல—"

"பேசாத."

"இல்லம்மா, கேளு—"

"வாயத் தொறக்காதடி." அம்மா முந்தானையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "மாதாவே, நீ வாயத் தொறக்காத."

அப்பா இன்னாசி லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அம்மா அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் மகளை உற்றுப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தபடியே நின்றார். "காலையில ஆண்டிச்சாமிகிட்டப் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

*

விடியும்போது பிரின்சிக்கு வயிறு பிசைந்து வாந்தி வந்தது. அதற்குப் பிறகு மூச்சு தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. அவள் ஓடவில்லை. கால்கள் அசையாமல் நீட்டிக் கிடந்தன. ஆனால் உள்ளே யாரோ கரை தெரியாத பொட்டலில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். லோடு ஆட்டோவின் பின்னால் சாக்கு விரித்து அவளைக் கிடத்தினார்கள். அம்மா தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தண்ணிம்மா."

அம்மாவின் கை பாட்டிலுக்குப் போனது, பாதியில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது.

ஆண்டிச்சாமியின் வீடு ஊரைவிட்டு ஒதுங்கி, கருவேலங்காட்டின் ஓரத்தில் இருந்தது. மயில்கள் கத்திக்கொண்டிருந்தன. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று, எங்கோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. அப்பா இறங்கிப் போய் அழைத்தார். ஆண்டிச்சாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். தாடி நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். வண்டியின் பின்பக்கம் வந்து குனிந்தார். பிரின்சியின் மூச்சு அவர் முகத்தில் பட்டது.

அவரும் அம்மாவைப் போலவே பின்வாங்கினார். ஒரு அடி, இரண்டு அடி. வேலிக் கம்பு முதுகில் குத்தியதும் நின்றார்.

"இன்னாசி, வண்டியத் திருப்பு."

"என்னண்ணே, ஒன்னும் பாக்காம—"

"பாத்துட்டேன். என்னால ஆகாது. பெரியாஸ்பத்திரிக்குப் போ. எங்கிட்டும் நிக்காத." அவர் குரல் தாழ்ந்தது. அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். "தண்ணி கேட்டாக் குடும்மா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை. ஆண்டிச்சாமி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வேலிக்கு உள்ளே போய்விட்டார். வண்டி திரும்பிய பிறகுதான் அம்மா நகர்ந்து வந்து மகளின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயில் சாய்த்தாள். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். முன்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. "அவரே அஞ்சுறாருன்னா, எம்மாம் பெருசா இருக்கும் அது."

*

கண் விழித்தபோது இரண்டு கைகளிலும் குழாய். ஓட்டம் நின்றிருந்தது. அது நின்ற அமைதி முதலில் அவளைப் பயமுறுத்தியது. பெண் டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். படித்து முடித்து நாளாகாதவர், தலைமுடியைப் பேனாவால் செருகிக் கட்டியிருந்தார்.

"சின்ன வயசுலயே வர்ற சுகர்மா இது. ஒடம்பு இன்சுலின் சுரக்குறத நிறுத்திருச்சு. மூச்சுல பழுத்த வாடை அடிக்கிறதும் அதாலதான், சில பேரு மூக்குக்கு அது எட்டாது. இனிப்புத் தின்னதால வந்தது இல்ல, யாரு தப்பும் இல்ல. தினமும் ஊசி போடணும். போட்டா எல்லாரையும் போல இருக்கலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், புள்ள பெத்துக்கலாம். இன்னும் அர நாள் விட்டிருந்தீங்கன்னா கஷ்டம். வீட்ல வேற யாருக்காவது இப்புடி இருந்துச்சா?"

அம்மா தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலையே பார்த்தாள்.

"அந்த ஊசி, டாக்டரம்மா. அது எப்ப வந்துச்சு?"

"எது, இன்சுலினா? அது நூறு வருசமா இருக்கும்மா."

"நூறு வருசம்."

"ஆமா."

"இங்கயும் இருந்திருக்குமா? பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முந்தி?"

"எல்லா கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயும் இருந்திருக்குமே. ஃப்ரீதான்" என்றார் டாக்டர். ஏன் கேட்கிறாள் என்று ஒரு கணம் பார்த்தார். அதற்குள் அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள்.

அம்மா தலையாட்டினாள். பிரின்சியின் போர்வையை இழுத்துக் கால்வரை மூடினாள். சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள். நீவி முடித்த இடத்தையே மறுபடி நீவினாள். பிறகு வராண்டாவுக்குப் போனாள். அழுகைச் சத்தம் வரும் என்று பிரின்சி காத்திருந்தாள். வரவில்லை.

*

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எவ்வளவு சோற்றுக்கு எவ்வளவு மருந்து, எந்த இடத்தில் குத்துவது, நேற்றுக் குத்திய இடத்தில் இன்று ஏன் குத்தக்கூடாது. சூடு படாமலிருக்க மருந்துக் குப்பியை ஈர மணல் போட்ட சட்டிக்குள் வைத்தார்கள். ஒருநாள் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கை வெடவெடவென்று நடுங்கி, வியர்த்துக் கொட்டி, அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. எதிரே நிற்பவள் யாரென்று தெரியவில்லை. வாயில் சர்க்கரையைத் திணித்ததும் உலகம் பழைய இடத்துக்கு வந்தது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நடுவில் இருக்கிற ஒற்றையடிப் பாதையில் இனி எப்போதும் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். அப்பா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோவிலுக்குப் போய்க் கயிறு மந்திரித்து வந்து கட்டினார். அவள் கயிற்றையும் கட்டிக்கொண்டாள், ஊசியையும் போட்டுக்கொண்டாள். கண்மாய் வழியே வண்டி ஓட்டுவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார்.

ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன் என்று பிரின்சி சொன்னால் அம்மா விடமாட்டாள். கை நடுங்காமல், வலிக்காமல், அளவு பிசகாமல் போடுவாள். அந்தக் கை இவ்வளவு உறுதியானது என்று பிரின்சிக்கு அதற்குமுன் தெரியாது. ஆனால் போட்டு முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள். அடுத்து இன்னொரு ஆள் வந்து எதிரே உட்காரப் போவது போல, ஊசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, சற்று நகர்ந்து இடம்விட்டுக் காத்திருப்பாள். பிரின்சி குனிந்து உடையை இழுத்துவிட்டுக்கொள்வாள். அந்த இடத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வந்ததில்லை.

அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்த ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். நாற்பது வயதுப் பெண்ணும் அவள் மகனும். விராலிமலைப் பக்கத்து ஆட்கள். மகன் பெயர் அஜித், பிரின்சியைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவனாக இருக்கலாம். சட்டை தோளில் மாட்டிய ஹேங்கரில் தொங்குவது போலத் தொங்கியது. ஹைவேயில் பரோட்டாக் கடையில் வேலையாம். நின்று வேலை பார்க்க முடியவில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டானாம்.

"ஆண்டிச்சாமி அனுப்புனாருங்க" என்றாள் அந்தப் பெண். "கயிறு கட்டச் சொல்லித்தான் போனோம். அவரு தொடக்கூட இல்ல. ஆவூருக்கு அங்கிட்டு இன்னாசின்னு ஒருத்தரு வீடு இருக்கு, அவரு மகளப் போயிப் பாருங்க, அது சொல்லும்னுட்டாரு. ஆண்டிச்சாமியோட பேத்திகூட ஊசி போட்டுக்குதாம்ல. ஏழெட்டு வருசமாவே போடுதாம். அதுக்கும் மொதல்ல பேயின்னுதான் நெனச்சாராம்."

உள்ளே தட்டு கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பிரின்சி அவர்களை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். அந்தப் பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நிறுத்தாமல் குடித்தான். சொம்பை வாங்கும்போது அம்மா அவன் முகத்தருகே ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். பிரின்சி அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எந்த வாடையும் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க, எப்புடியும்" என்றாள் அவனிடம், தன் சுகர் மெஷினை எடுத்துக்கொண்டே. "அதுக்கு முன்ன ஒருதடவ பாத்துருவோம். கையக் குடுங்க."

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"எனக்கு ராத்திரில யாரோ எம்மூச்ச வாங்கிட்டு ஓடுற மாதிரி இருக்கு" என்றான் அவன், தன் அம்மாவுக்குக் கேட்காத குரலில். "ஒங்களுக்கும் அப்புடி இருந்துச்சா?"

பிரின்சி அவன் விரலைப் பிடித்திருந்த கையை விடவில்லை. "இருந்துச்சு" என்றாள்.

"அது போயிருச்சா?"

அவள் ஊசியை அழுத்தினாள். விரல் நுனியில் இரத்தம் சிறு மணியாகத் திரண்டது. மெஷின் அதை இழுத்துக்கொண்டு, திரையில் எண்களைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கியது. அவன் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். மூவரும் குனிந்திருந்தார்கள்.

கதவு கிறீச்சிட்டது. பிரின்சி நிமிர்ந்தாள். அம்மா புடவை மாற்றி, கையில் ஆஸ்பத்திரிப் பையோடு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். எண்ணைக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் காய்ந்த மண்ணில் வேகமாக நடந்து, ரோட்டுக்கு ஏறி, இன்னும் கண்ணுக்குத் தெரியாத பஸ்ஸுக்குக் கையை உயர்த்திக்கொண்டு நடுரோட்டில் நின்றாள்.